புடவை மேல் ஸ்வெட்டர்: முதல் உடை மாற்றும் விளையாட்டைச் சீர்படுத்துவது எப்படி

போன ஐப்பசி மழையில் கோத்தகிரியில் தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்கூட லீவு. எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் அந்த மூன்று நாளில் ஸ்கிராட்ச் என்ற, பிளாக்குகளை (கட்டளைத் துண்டுகளை) அடுக்கி நிரல் எழுதும் கருவியில் ஒரு விளையாட்டைச் செய்து முடித்துவிட்டாள். நடுவில் ஒரு பெண் பொம்மை நிற்கும். சுற்றிலும் சட்டை, பாவாடை, ஸ்வெட்டர், செருப்பு எல்லாம் கிடக்கும். இழுத்துப் போய் மாட்ட வேண்டும். நான்காம் நாள் காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, இன்னும் இருபது டிரெஸ் வரைஞ்சிட்டா சூப்பரா ஆயிடும்ல?"

வாங்கி விளையாடிப் பார்த்தேன். சிவப்பு ஸ்வெட்டரை இழுத்துவிட்டேன், அது தோளில் உட்காராமல் காதுக்குப் பக்கத்தில் நின்றது. பாவாடையை மாற்ற நினைத்தேன், போட்டிருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடை ஓரத்தில் தள்ளினேன். ஐந்து நிமிடத்தில் திரை முழுக்க அழுக்குத் துணிக்கூடையைக் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. ஏற்கெனவே 34 துணிகள் இருந்தன. இன்னும் இருபது வந்தால் கூடை பெரிதாகும், அவ்வளவுதான்.

முதல் விளையாட்டைச் செய்கிற எல்லாருக்கும் இந்த ஆசை வரும். துணி வரைவது ஜாலியான வேலை, அதனால் அதையே செய்துகொண்டிருப்போம். ஆனால் விளையாடுகிறவருக்கு வேண்டியது வேறு. ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் கழற்ற வேண்டும், பயமில்லாமல் அடுத்ததைப் போட வேண்டும். துணிக்கடைக் கண்ணாடி முன்னால் நாம் செய்வதும் இதைத்தான். கழற்றுவது எளிதாக இல்லாத விளையாட்டில் எத்தனை துணி இருந்தும் பிரயோஜனமில்லை.

அடுத்த சில வாரங்கள் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைச் சரிசெய்தோம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எல்லாம் ஸ்கிராட்ச்சை வைத்துத்தான் சொல்கிறேன். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட இலவசக் கருவி அது. கணினியில் நிறுவிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும், மழைநாளில் டவர் போகிற ஊருக்கு அது பெரிய உதவி. கோடோ மாதிரி வேறு கருவியில் செய்பவர்களுக்கும் யோசனை அதேதான், பொத்தான்கள் மட்டும் வேறு இடத்தில் இருக்கும். நெட்டில் தேடும்போது பழைய வழிகாட்டிகளில் 'ஃப்ளாஷ்' என்று கண்ணில் பட்டால் அப்படியே மூடிவிடுங்கள். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதை நிறுத்திவிட்டது.

முதலில் வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

எதையும் திருத்தும் முன் விளையாட்டை மூன்று நான்கு பேர் கையில் கொடுங்கள். நிறையப் பேர் தேவையில்லை. வலைத்தளங்களைச் சோதிப்பது பற்றி அந்தத் துறை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது, ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான தொல்லைகள் தெரிந்துவிடும் என்பதுதான். எங்களுக்கு மூன்று பேரே போதுமானதாக இருந்தார்கள்: அக்கா, பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புப் பையன், என் அம்மா.

கொடுத்த பிறகு நீங்கள் பேசக் கூடாது. இது ரொம்பக் கஷ்டம். அக்கா மகள் நிமிடத்துக்கு ஒரு தடவை "அத இழுங்க பாட்டி" என்று வாயைத் திறந்தாள். கடைசியில் அவளைச் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, கையில் நோட்டைக் கொடுத்தேன். யார் எங்கே விரலை வைத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், என்ன முணுமுணுத்தார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

அம்மாவுக்குப் போனில் திறந்து கொடுத்தோம். ஸ்வெட்டரை ஒரு தட்டு தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நெட்டு போயிடுச்சா?" என்று கேட்டார். பையன் நாலு ஸ்வெட்டரையும் ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள், ஆனால் வேறு பாவாடை போடப் போனபோது பழையது கீழே அப்படியே இருந்தது. "இது போகவே போகாதா?" என்றாள்.

நோட்டில் இருந்த இந்த மூன்று வரிகள்தான் எங்கள் வேலைப் பட்டியல்.

எல்லாத் துணிக்கும் ஒரே தாள்

துணி உடம்பில் சரியாக உட்காராததற்கு, ஒவ்வொன்றையும் தனித்தனி அளவில் வரைந்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். தையல்காரர் அளவு எடுக்காமல் கண்மதிப்பில் வெட்டினால் எப்படியோ அப்படி. இதற்கு ஒரு வழி இருக்கிறது, சுலபமானதும் கூட.

கிரிட்டா, இங்க்ஸ்கேப் மாதிரி ஏதாவது இலவச வரைகலைக் கருவியில் 960-க்கு 720 அளவில் ஒரே கோப்பைத் திறங்கள். ஸ்கிராட்ச் மேடையின், அதாவது விளையாட்டு ஓடும் பரப்பின், அளவு 480-க்கு 360. அதைப் போல இரண்டு மடங்கில் வரைந்தால் படம் தெளிவாக இருக்கும். கீழடுக்கில் பொம்மையின் உடம்பை வரையுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு துணிக்கும் தனி லேயர் போட்டு, உடம்பின் மேலேயே, அது இருக்க வேண்டிய இடத்திலேயே வரையுங்கள். சேமிக்கும்போது ஒவ்வொரு லேயரையும் முழுத் தாள் அளவிலேயே தனி பி.என்.ஜி. கோப்பாக எடுங்கள். துணியைச் சுற்றியுள்ள காலியிடத்தை வெட்டிவிடாதீர்கள். ஜேபெக்காகச் சேமித்தாலும் வேலை கெட்டது, அதில் ஒளி ஊடுருவும் பின்னணி கிடையாது, ஒவ்வொரு சட்டையும் ஒரு வெள்ளை அட்டையோடு வந்து நிற்கும்.

இப்படி எடுத்த படங்கள் எல்லாவற்றையும் மேடையின் நடுவில், அதாவது எக்ஸ் 0, ஒய் 0 என்ற இடத்தில் வைத்தால் போதும். ஸ்வெட்டர் தானாகத் தோளில் உட்காரும், செருப்பு தானாகக் காலில் உட்காரும். பொம்மை ஓரமாக நிற்க வேண்டும் என்றால் தாளிலேயே ஓரமாக வரைந்துகொள்ளுங்கள். ஒன்றொன்றாக நகர்த்தி இடம் பார்க்கிற வேலையே இல்லை.

"இதுக்காக எல்லாத்தையும் திரும்ப வரையணுமா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். சரி, கணக்குப் போடலாம் என்றேன். மேல்சட்டை 5, பாவாடை 4, ஸ்வெட்டர் 3, முடி அலங்காரம் 3, ஆக 15 படம். ஸ்வெட்டர் போடாமலும் இருக்கலாம் என்பதால் அதற்கு 4 வழி. 5, 4, 4, 3 எல்லாவற்றையும் பெருக்கினால் 240 தோற்றம். இதில் ஒரே ஒரு ஸ்வெட்டர் கோணலாக இருந்தால் 60 தோற்றம் கெட்டுப்போகும். புதிதாக இருபது வரைவதை விட அந்த ஒன்றை நிமிர்த்துவதுதான் லாபம். 34-இல் இருந்து 15-ஐத் தேர்ந்தெடுத்தாள், கொஞ்சம் அழுகையோடு.

உடம்பை வரையும்போது இன்னொன்று. பொம்மைக்கு ஷிம்மியும் அரைக்கால் டிரவுசரும் உடம்போடு சேர்த்தே வரைந்துவிடுங்கள். எல்லாவற்றையும் கழற்றினாலும் அது இருக்கும். குழந்தைகள் விளையாடுவது, இதில் பேச்சுக்கே இடமில்லை. தோல் நிறமும் மூன்று நான்கு கொடுங்கள். முதலில் திரையில் வருகிற பொம்மை நம் வீட்டுப் பெண் நிறத்திலேயே இருக்கட்டும்.

இழுப்பதா, தட்டுவதா

அம்மா தட்டினார், விளையாட்டு இழுப்பை எதிர்பார்த்தது. அதோடு இதில் ஸ்கிராட்ச்சின் ஒரு பொறியும் இருக்கிறது. புதியவர்கள் அனேகமாக எல்லாரும் இதில் விழுவார்கள். விளையாட்டைச் செய்யும் திரையில் எந்தப் பொருளையும் சுட்டியால் இழுக்கலாம். அதனால் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் முழுத்திரையில் ஓட்டினாலோ, மற்றவர்கள் பகிர்ந்த பக்கத்தில் திறந்தாலோ ஒன்றும் நகராது. ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் (மேடையில் வைக்கும் படப்பொருளுக்கு ஸ்கிராட்ச் வைத்த பெயர் அது) 'இழுக்கலாம்' என்று நிலையை மாற்றுகிற பிளாக் ஒன்று, உணர்தல் பிளாக்குகளுக்கு நடுவே இருக்கிறது. விளையாட்டைத் தொடங்கும் பச்சைக் கொடி பிளாக்கின் கீழ் அதை வைத்தால்தான் நகரும். அம்மா இழுத்துப் பார்த்திருந்தாலும் அன்றைக்கு அந்த ஸ்வெட்டர் அசைந்திருக்காது.

அந்த பிளாக்கைச் சேர்ப்பது ஒரு வழி. நான் பரிந்துரைப்பது இழுப்பதையே விட்டுவிடுவது. சின்னப் போன் திரையில் விரல் வைத்தால் விரலே துணியை மறைத்துவிடும். பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவில், இழுத்துக்கொண்டு போய் இடம் பார்த்து விடுவது நடக்கிற காரியமா? தட்டினால் போட்டுக்கொள்ளும், மறுபடி தட்டினால் கழன்றுவிடும். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இழுத்துத்தான் போட வேண்டும் என்று ஆசையிருந்தால், விட்ட இடம் சரியான இடத்துக்கு ஸ்கிராட்ச் மேடையின் அலகில் 50-க்குள் இருந்தால் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்படியும், அதற்கு மேல் தள்ளி விட்டால் அலமாரிக்கே திரும்பும்படியும் செய்யுங்கள். நடுவழியில் எதுவும் கிடக்கக் கூடாது.

அடுக்கு: புடவை மேல் ஸ்வெட்டரா, ஸ்வெட்டர் மேல் முந்தானையா?

இந்த வகை விளையாட்டின் நிஜமான வேலை இங்கேதான். 1991-இலேயே ஜப்பானில் 'கிஸ்' என்ற கணினி உடை பொம்மைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு துணியும் ஒரு தனிப் படம், எது எதற்கு மேல் என்று ஒரு வரிசை, அவ்வளவே. இன்றைக்கும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆனால் அந்த வரிசையை நம் ஊர் உடைக்குப் போடும்போதுதான் தலை சுற்றும்.

நீலகிரியில் புடவை கட்டுகிறவர்கள் ஸ்வெட்டர் இல்லாமல் காலையில் வெளியே வருவது அரிது. அதைப் போடுவதிலோ இரண்டு கட்சி. புடவையை முழுக்கக் கட்டிவிட்டு அதன் மேல் ஸ்வெட்டரை மாட்டிப் பட்டன் போடுவது ஒன்று. ரவிக்கை மேல் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, முந்தானையை அதற்கு மேல் எடுத்து விடுவது இன்னொன்று. மார்க்கெட் பக்கம் ஐந்து நிமிடம் நின்றால் இரண்டையும் பார்க்கலாம். அக்கா மகள் புடவையை ஒரே படமாக வரைந்திருந்தாள். அப்போது இரண்டாவது கட்சிக்கு வழியே இல்லை.

அதனால் புடவையை மூன்றாக வெட்டினோம். கொசுவமும் இடுப்புச் சுற்றும் ரவிக்கையும் சேர்ந்து ஒரு படம். மார்பின் குறுக்கே போய் இடது தோளில் ஏறும் முந்தானை ஒரு படம். தோளுக்குப் பின்னால் இறங்கி, கைக்கும் இடுப்புக்கும் நடுவே எட்டிப் பார்க்கும் தொங்கல் ஒரு படம். தொங்கலை உடம்புக்கே பின்னால் வைக்க வேண்டும். அதை வைத்த நொடியில்தான் பொம்மை புடவை கட்டியது போல ஆயிற்று, அதுவரை அட்டையில் புடவை ஒட்டியது போல இருந்தது. வேறெதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

முடிக்கும் இதே கதை. பின்னால் விழும் முடி உடம்புக்குப் பின்னே, நெற்றியில் விழும் முடி எல்லாவற்றுக்கும் முன்னே. ஒரே படமாக வரைந்தால் ஒன்று முடி ஸ்வெட்டருக்குள் நுழையும், இல்லை முகத்தைச் சட்டை மறைக்கும்.

எங்கள் வரிசை, அடியிலிருந்து மேலே: பின்முடி, முந்தானைத் தொங்கல், உடம்பு, செருப்பு, பாவாடை அல்லது பேன்ட், மேல்சட்டை, புடவை மாதிரி முழு உடை, ஸ்வெட்டர், முந்தானை, நகை, முன்முடி, பூ அல்லது தொப்பி. செருப்பு பேன்ட்டுக்குக் கீழே சரி. கம்பூட்ஸ் போட்டால் பேன்ட் அதற்குள்தானே போகும்? அதனால் கம்பூட்ஸைத் தனி ஸ்பிரைட்டாக்கிப் பேன்ட்டுக்கு மேல் வைத்தோம். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிய யாரும் இதில் தப்பு செய்ய மாட்டார்கள்.

இதை ஸ்கிராட்ச்சில் செய்ய, ஒவ்வொரு ஸ்பிரைட்டாகப் 'பத்து அடுக்கு பின்னே போ' என்று எண் போட்டுப் பார்க்காதீர்கள், ஒன்று மாறினால் எல்லாம் மாறும். செய்தி அனுப்பும் பிளாக்கில் காத்திருக்கும் வகை ஒன்று உண்டு. மேடையிலிருந்து 'அடுக்கு 1', 'அடுக்கு 2' என்று வரிசையாக அதில் அனுப்புங்கள். தன் எண் வந்ததும் அந்தந்த ஸ்பிரைட் எல்லாவற்றுக்கும் முன்னே வரட்டும். கடைசியாக வந்தது மேலே நிற்கும், முதலில் வந்தது அடியில் இருக்கும். புடவைக் கட்சியை மாற்ற ஒரு பொத்தான் வைத்தால், ஸ்வெட்டரையும் முந்தானையையும் இடம் மாற்றி இதையே இன்னொரு முறை ஓட்டினால் போதும்.

இழுப்பை விடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இங்கே இருக்கிறது. ஸ்கிராட்ச்சில் எதை இழுத்தாலும் அது தானாக எல்லாவற்றுக்கும் முன்னே வந்துவிடும். பாடுபட்டு அடுக்கிய வரிசை ஒரே இழுப்பில் கலைந்துபோகும். தட்டுவது என்றால் தொடக்கத்தில் ஒருமுறை அடுக்கினால் முடிந்தது.

ஓர் இடத்துக்கு ஓர் உடை

நாலு ஸ்வெட்டர் போட்ட பையனுக்கான மருந்து இது. சட்டைக்கு ஒரு ஸ்பிரைட் என்று ஐந்து ஸ்பிரைட் வேண்டாம். 'மேல்சட்டை' என்று ஒரே ஸ்பிரைட், அதற்குள் ஆறு காஸ்ட்யூம் (ஒரு ஸ்பிரைட் மாற்றிக்கொள்ளும் படங்களுக்கு ஸ்கிராட்ச்சில் இதுதான் பெயர்). முதலாவது காலி, மற்றவை ஐந்தும் சட்டைகள். 'மேல்' என்று ஒரு வேரியபிள் (எண்ணை நினைவில் வைக்கும் பெட்டி) வைத்து, எந்த எண்ணோ அந்தக் காஸ்ட்யூமுக்கு மாறச் சொல்லுங்கள். ஒன்றுதான் ஒரு நேரத்தில் தெரியும், பழையதை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழாது. பாவாடை, ஸ்வெட்டர், கால், முடி எல்லாவற்றுக்கும் இப்படியே.

அலமாரியில் உள்ள சின்னப் படத்தைத் தட்டும்போது ஒரு சோதனை வையுங்கள். 'மேல்' ஏற்கெனவே என் எண்ணாகவே இருந்தால் அதை 1 ஆக்கு, இல்லையென்றால் என் எண்ணாக்கு. கழற்றுவது இந்த ஒரு வரியில் முடிந்தது.

முழு உடைதான் கொஞ்சம் குழப்பும். கவுனையோ புடவையையோ போட்டால் சட்டையும் பாவாடையும் போக வேண்டும். அப்போது 'மேல்', 'கீழ்' வேரியபிள்களை 1 ஆக்கிவிடாதீர்கள். அந்த ஸ்பிரைட்டுகளை மறைத்து மட்டும் வையுங்கள். புடவையைக் கழற்றியதும் முன்பு போட்டிருந்த சட்டையும் பாவாடையும் அப்படியே திரும்பி வரும். எங்களுடையதில் முதலில் அப்படி இல்லை. ஆசையாகச் சேர்த்த ஜோடி, புடவை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்ததற்கே காணாமல் போனது. பையன் விளையாட்டை மூடிவிட்டு வெளியே போய்விட்டான்.

'எல்லாம் கழற்று' பொத்தான் கட்டாயம் வேண்டும். அதற்கும் அதே அக்கறை காட்டுங்கள். கழற்றும் முன் எல்லா வேரியபிள்களையும் ஒரு லிஸ்ட்டில் போட்டுவைத்து, 'முன்பு போட்டது' என்று ஒரு பொத்தான் கொடுத்தால் கைதவறித் தட்டியவர் திட்ட மாட்டார். 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் பெட்டி எனக்குப் பிடிக்காது. குழந்தைகள் படிக்காமலே 'ஆமாம்' தட்டுவார்கள்.

முடியை மாற்றும்போது பூவையும் கவனியுங்கள். ஜடையில் வைத்த கனகாம்பரம், பாப் கட்டுக்கு மாறியதும் அந்தரத்தில் தொங்கியது. பூ ஸ்பிரைட்டிலும் முடிக்குத் தக்கபடி மூன்று படம் வரைந்து, முடியின் எண்ணையே பூவும் பின்பற்றும்படி செய்தோம்.

அலமாரி

துணிகளைப் பொம்மையைச் சுற்றிப் பரப்பாதீர்கள். ஒரு பக்கம் பொம்மை, ஒரு பக்கம் அலமாரி. அலமாரியில் சட்டை, பாவாடை, ஸ்வெட்டர், கால், முடி என்று படப் பொத்தான்கள். தட்டினால் அந்த வகை மட்டும் விரியட்டும், ஒரு நேரத்தில் ஆறு துணிக்கு மேல் வேண்டாம். போட்டிருக்கும் துணியின் சின்னப் படத்தைச் சுற்றி ஒரு கெட்டியான கோடு இருந்தால், எதைத் தட்டிக் கழற்றுவது என்று தேட வேண்டியதில்லை.

பொத்தான் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொடும் பொத்தான் குறைந்தது 48 அலகு இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டுதல். போனை நேராகப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 360 அலகு, ஸ்கிராட்ச் மேடையோ 480. எனவே எல்லாம் முக்கால் அளவுக்குச் சுருங்கும். 48 கிடைக்க நீங்கள் 64-ஆக வரைய வேண்டும். அக்கா மகளின் பொத்தான்கள் 30. மடிக்கணினியில் அழகாகத்தான் இருந்தன. போனில் அவை சுமார் 22, அம்மாவின் விரலுக்கு மூன்று பொத்தான் ஒரே நேரத்தில் அகப்பட்டன.

'எல்லாம் கழற்று' பொத்தானை அடிக்கடி தொடும் பொத்தான்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திரையின் எதிர் மூலைக்குத் துரத்துங்கள்.

பனியும் தேயிலையும்

பின்னணிக்கு அவள் வைத்திருந்தது வீட்டு மாடியிலிருந்து எடுத்த தேயிலைத் தோட்டப் படம். அருமையான படம்தான், ஆனால் பச்சைப் பாவாடை அதில் கரைந்துபோனது. பனிமூட்டப் படத்தை வைத்தாள், இப்போது வெள்ளைத் துணி காணவில்லை. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நீலகிரியின் படகர் மக்கள் உடுத்தும் வெள்ளையைப் பொம்மைக்கு வரைந்திருந்தாள். அது பனிக்குள் போய்விட்டது, தலையும் கையும் மட்டும் மிதந்தன.

செய்தது இரண்டு. மேடைக்கு வெளிச்ச எஃபெக்ட்டை 40 வைத்துப் படத்தை வெளிறச் செய்தோம். கருப்பு வேண்டாம் என்று, எல்லாத் துணிக்கும் அடர் பழுப்பில் மெல்லிய ஓரக்கோடு போட்டோம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: திரையைப் படமெடுத்துப் போனிலேயே கருப்பு வெள்ளையாக்குங்கள். அப்போதும் சட்டை எது, பின்னணி எது என்று தெரிந்தால் போதும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இதனால் உதவி.

எந்தத் துணிகள்?

இளவரசி கவுன் ஏற்கெனவே ஆயிரம் விளையாட்டில் இருக்கிறது. நம் ஊரில் போடுவதை வரைந்தால் அதுவே புதிதாக இருக்கும்: திபெத்தியர் கடை ஸ்வெட்டர், மங்கி கேப், பள்ளிச் சீருடை மேல் போடும் பிளேசர், தேயிலை பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் ஷீட், ரெயின்கோட்.

ஒன்றில் மட்டும் நிதானம் வேண்டும். தோடர்களின் பூத்துக்குளியையும் வரைய வேண்டும் என்றாள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமாக, முன்கூட்டி எதையும் வரையாமல் இழையை எண்ணி எண்ணிப் பெண்கள் போடும் பூவேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அது வெறும் சால்வை கிடையாது. இறந்தவர்களைப் போர்த்துவதும் அதில்தான். அப்படிப்பட்ட ஒன்றை மங்கி கேப்போடும் கம்பூட்ஸோடும் சேர்த்து மாட்டிச் சிரிக்கிற பொருளாக வைக்கலாமா என்று கேட்டேன். அவள் வகுப்பிலேயே ஒரு தோடர் பெண் படிக்கிறாள், அவளிடம் போய்க் கேட்டாள். "போத்திக்கலாம், ஆனா அதோட தொப்பி கிப்பி போடாத" என்று பதில் வந்தது. அதனால் பூத்துக்குளி போட்டால் தொப்பி இடம் பூட்டிக்கொள்ளும்படி செய்தோம். இது ஒரு பெண் சொன்ன பதில். உங்கள் ஊர் உடைக்கு நீங்கள் அந்த ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரையும்போது பூவேலையின் ஒவ்வொரு இழையையும் போட வேண்டாம். அவள் இரண்டு மாலை உட்கார்ந்து போட்டாள், போன் அளவுக்குச் சுருங்கியதும் எறும்பு ஊர்வது போல ஆகிவிட்டது. மூன்று பட்டைகள், நடுவில் ஓரிரு கட்டங்கள், கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

மீதிச் சில்லறை

பாட்டு வைத்தால் நிறுத்தும் பொத்தானும் வையுங்கள். வகுப்பில் மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். துணி மாறும்போது ஒரு சின்ன 'டிக்' ஒலி வைத்தால் தட்டியது பதிந்தது என்று தெரியும், அம்மா நெட்டைச் சந்தேகப்பட மாட்டார். ஸ்கிராட்ச்சில் படத்தைச் சேமிக்கும் பிளாக் கிடையாது. 'பார்க்கலாம்' என்று ஒரு பொத்தான் வைத்து, அதைத் தட்டினால் அலமாரி முழுக்க மறைந்து பொம்மை மட்டும் நிற்கும்படி செய்யுங்கள். திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவர்கள் பாடு. பிறகு, விளையாட ஒரு சாக்கு கொடுங்கள். 'ஜனவரி காலை, புல்லில் உறைபனி, ஆறு மணி பஸ்' என்று மேலே ஒரு வரி போட்டதும் பையன் முதல் தடவையாக ஒழுங்காக உடுத்தினான். மதிப்பெண் மட்டும் வேண்டாம். என்ன போட்டாலும் சரி என்பதுதானே இதில் சுகம்.

எல்லாம் முடிந்து, மறுபடி அதே மூன்று பேரிடம் கொடுத்தோம். அம்மா ஸ்வெட்டரைத் தட்டினார், பொம்மை போட்டுக்கொண்டது. இன்னொரு தட்டு, கழன்றது. புடவையை மாட்டி, ஸ்வெட்டர் மேல் முந்தானையை எடுத்துவிட்டு, தான் கட்டியிருப்பதையும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்கா மகள் மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா அலமாரியை ஒவ்வொன்றாகத் திறந்து மூடத் தொடங்கினார்.

"என்னம்மா தேடற?"

"மஃப்ளர் எங்கடி? காதுல பனி அடிக்காதா இந்தப் புள்ளைக்கு?"

மஃப்ளர் இல்லை. அக்கா மகள் நோட்டில் எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சித்தி, அது முன்முடிக்கு மேலயா, கீழயா?"